அழிக்குமுன் வாசிப்போம்

இரண்டாம் ஆண்டு, தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியது



இம்மலரின் தமிழ்ப் பகுதியில் சங்கப் புலவரைக் குறித்தோ காப்பியச் சுவையைக் குறித்தோ யான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். தமிழ் பயிலும் ஒருவன், லினக்ஸ் கணினி திரைமேடையைக் காட்டாது முரண்டும்போது செய்யத்தக்கது யாது என்று எழுதப் புகுவது சிலர்க்கு நகையை விளைத்தலுங் கூடும். ஆயினும் இது கம்மியரின் தொழிலைப் பற்றிய பேச்சன்று. வாசித்தலைப் பற்றிய பேச்சேயாம். வாசித்தல் நம் தொழில். அதனை யான் ஒருகால் செய்யாது விட்டமையால் எங்குடும்பம் இழந்த பொருள் ஒன்றுண்டு. அதனை முதலில் உரைத்து, பின்னர் என் கருத்தைக் கூறுவேன்.

எங்களூர் தருமபுரியினின்று பென்னாகரம் செல்லும் சாலையை அடுத்துள்ள ஒரு சிற்றூர். கேழ்வரகும் சாமையும் புளியுமே அங்கு விளைபொருள். என் தமக்கை பன்னிரண்டாம் வகுப்புப் பயின்ற காலத்து அரசினர் அளித்த மடிக்கணினி ஒன்று எங்கள் வீட்டிலிருந்தது. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தொடங்கிய அத்திட்டம், கணினியைக் கண்ணாலும் கண்டறியாத பல்லாயிரம் வீடுகளுக்கு அதனைக் கொண்டு சேர்த்தது. அக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்பதும் வைத்தளிக்கப்பட்டது. இது சென்னைச் சி-டாக் நிறுவனத்தார் டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பைத் தழுவி உருவாக்கி 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட இயங்குதளமாகும். நாளடைவில் விண்டோஸ் எறும்பூர்வது போல் ஊர்ந்தமையின், யான் லினக்ஸையே வழங்கி வந்தேன்.

அக்கணினியில்தான் எங்கள் ஆயாவின் பாட்டுக்களை யான் பதிவு செய்து வைத்திருந்தேன். தாலாட்டும், களை பறிக்கும்போது பாடுவனவும், ஒப்பாரியுமாக அவை 17 பாட்டுக்கள். ஆயா எழுத்தறியார். பாடியவற்றுள் பல, அவர் தம் தாயிடம் கேட்டவை. பதிவு முடிந்த எட்டாம் திங்களில் ஆயா மறைந்தார்.

அவற்றைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்னும் ஆவலால், தமிழ்99 விசைப்பலகை கணினி தொடங்கும்போதே தானாக வருமாறு செய்ய விழைந்தேன். ஐபஸ் என்னும் உள்ளீட்டு நிரலைத் தொடங்கும் ஒரு வரியை ஒரு கோப்பில் எழுதி, அக்கோப்பிற்கு எவரோ சொல்லியவாறு 'டாட் எக்ஸ்செஷன்' என்று பெயரிட்டேன். மறுநாட் காலையில் கணினியைத் திறந்து கடவுச்சொல்லைக் கொடுத்தேன். திரை ஒரு நொடி இருண்டது. மீண்டும் கடவுச்சொல்லையே கேட்டது. பத்து முறை கொடுத்தேன். பத்து முறையும் அங்ஙனமே. 'கடவுச்சொல் பிழை' என்றும் அது சொல்லவில்லை. அஞ்சிப்போய்த் தருமபுரிப் பட்டணத்தில் பழுது பார்க்கும் கடையொன்றிற்குக் கொண்டு சென்றேன். கடைக்காரர் இரண்டு முறை முயன்று பார்த்து, "தம்பி, சிஸ்டம் கெட்டுப் போச்சு, பார்மட் பண்ணிப் புதுசா போட்டாத்தான் ஓடும்" என்றார். யானும் தலையசைத்தேன். மாலையில் கணினி புதிதாய்த் திரும்பி வந்தது. ஆயாவின் குரல் திரும்பி வரவில்லை. அழித்த இடத்தின்மேற் புதியது எழுதப்பட்டமையால் பின்னர் மீட்க முயன்றும் பயன் விளையவில்லை.

கடைக்காரரை யான் குறை கூறேன். அவர் கேட்ட ஒன்றிற்கு இசைந்தவன் யான்.

நிற்க. இக்கல்லூரிக்கு வந்த பின்னர், விடுதியில் இருந்த மூத்த மாணவர் ஒருவரிடம் இந்நிகழ்ச்சியைக் கூறினேன். அந்த அண்ணன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு தம் கணினியிலேயே அதே பிழையை வேண்டுமென்றே செய்து காட்டினார். கடவுச்சொல்லைக் கேட்டு மீண்டும் மீண்டும் திரும்பும் அத்திரை தோன்றியதும், கண்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 என்னும் மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தினார். படமற்ற கருந்திரை ஒன்று வந்து பெயரைக் கேட்டது. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தவுடன் உள்ளே விட்டது. அவருடைய கோப்புக்கள் யாவும் அங்கே பழுதின்றி இருந்தன. யான் எழுதியது போன்ற அக்கோப்பின் பெயரை மாற்றினார். மீண்டும் திரைக்குச் சென்று கடவுச்சொல்லைக் கொடுத்தார், திரைமேடை மலர்ந்தது. இவையனைத்திற்கும் இரண்டு நிமிடங்களே ஆயின. அவ்விரண்டு நிமிடங்களை அறியாமையாலேயே எங்கள் ஆயாவை யாங்கள் இரண்டாம் முறை இழந்தோம்.

பிழை யாது என்பதை ஈண்டு விளக்குதல் வேண்டும். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் படத்திரை என்பது அடித்தளமன்று. மேலே எழுப்பப்பட்ட மாடமாகும். யூனிக்ஸ் 1969-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்திற் பிறந்தது. எக்ஸ் என்னும் சாளர முறையோ 1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் தோன்றியது, அதன் பதினோராம் பதிப்பு 1987-இல் வெளிவந்தது. மாடம் சரிந்தாலும் கீழ்வீடு நிற்கும் என்பது இவ்வமைப்பின் இயல்பு. படத்திரை வரவில்லையெனில் கணினியே கெட்டது என்று கருதுவது, மாடிக் கதவு திறவாமை கண்டு வீட்டையே இடிக்கப் புகுவதை ஒக்கும்.

மாடத்தை எழுப்புவன தொடக்க ஏடுகள். இவற்றை ஸ்கிரிப்ட் என்பர். இவை பொறியின் இரகசிய மொழியில் அமைந்தனவல்ல. மேலிருந்து கீழாக வரிவரியாக நாமே வாசிக்கத்தக்க கட்டளைகளே. எக்ஸ்செஷன் என்னும் ஏடு தலைமை தாங்கும் அமைப்பில், அவ்வேட்டின் இறுதி வரி முடியும்போது அமர்வும் முடியும். ஆதலின் இறுதி வரியில் திரைமேடையையே தொடங்கும் கட்டளை நிற்றல் வேண்டும். 'எக்ஸெக்' என்னும் சொல் அதன் முன் வருதல் மரபு. யான் எழுதிய ஏட்டில் ஐபஸைப் பின்னணியில் அனுப்பும் ஒரு வரி மட்டுமே இருந்தது. அவ்வரி ஒரு நொடியில் முடிந்தது, ஏடு முடிந்தது, அமர்வும் முடிந்தது. கணினி என் கட்டளையை மீறவில்லை, அப்படியே நிறைவேற்றியது. எழுவாயை மட்டும் எழுதிப் பயனிலையை எழுதாது விட்டவன், வாக்கியம் முடியவில்லையே என்று தாளை நொந்ததை நிகர்த்தது என் செயல்.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. ஓடிக்கொண்டே இருக்கும் இயல்புடைய நிரலொன்றை இறுதி வரிக்கு முன்னர் எழுதி, அதனைப் பின்னணிக்கு அனுப்பும் 'உம்'மைக் குறியை வரியீற்றில் இடாது விட்டால், ஏடு அவ்வரியிலேயே காத்து நிற்கும், திரைமேடை வாராது. ஒரு குறி மிகுந்தும் குறைந்தும் பொருள் மாறுதல் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. ஓலைச்சுவடிகளிற் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தமையின், மெய்யெழுத்தோ உயிர்மெய்யோ என்று பதிப்பாசிரியர் எத்துணை இடர்ப்பட்டனர் என்பதை நாம் கற்றிருக்கின்றோம். விண்டோஸில் எழுதி லினக்ஸிற்குக் கொணர்ந்த ஏட்டின் வரியீறுகளிற் கண்ணுக்குப் புலனாகாத எழுத்தொன்று ஒட்டிவரும். ஏடு கண்ணெதிரே இருக்க, 'காணப்படவில்லை' என்று கணினி கூறுவதற்கு அவ்வெழுத்தே பலகாற் காரணமாகும். புள்ளியைத் தேடிய கண்ணுக்கு இதனைத் தேடுதலும் இயலும்.

இனி, இத்தகைய இடர் நேர்ந்தால் செய்யத்தக்கவற்றை வரிசைப்படக் கூறுவேன். முதலாவது, மேலே சொல்லிய மூவிசைகளால் கருந்திரைக்குச் செல்க. எஃப்-3 திறவாவிடின் எஃப்-2, எஃப்-4 முதலியவற்றை முயல்க. அங்கே கடவுச்சொல் ஏற்கப்படின், கணக்கும் கடவுச்சொல்லும் பழுதற்றன என்பது தெளிவு. இந்நிலையிலேயே அரிய கோப்புக்களைப் பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்க. கருந்திரையும் வாராவிடின், பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸ் ஒன்றைக் கொண்டு நகலெடுத்தல் பெரும்பாலும் இயலும். நகல் கையில் வந்தபின் அச்சம் நீங்கும். அச்சம் நீங்கியவன் நன்கு வாசிப்பான்.

இரண்டாவது, வட்டில் இடமுண்டா என்று 'டி.எஃப்.' என்னும் கட்டளையாற் காண்க. வட்டு நிரம்பி வழிந்தாலும் இதே சுழற்சி நிகழும். மூன்றாவது, வீட்டு அடைவில் மறைந்துள்ள 'எக்ஸ்அத்தாரிட்டி' என்னும் கோப்பு எவர் உடைமை என்று பார்க்க. நிருவாகியின் உரிமையோடு படத்திரையைத் தொடங்கிய ஒருவர் தம்மையறியாமல் அக்கோப்பை 'ரூட்' உடைமையாக்கியிருத்தல் கூடும். தன் வீட்டுச் சாவி பிறர் பெயரில் இருந்தால் வாயிலில் நிற்க வேண்டியதே.

நான்காவது, பிழைக்குறிப்பேட்டை வாசிக்க. 'எக்ஸ்செஷன் எரர்ஸ்' என்னும் கோப்பின் இறுதிச் சில வரிகளிலேயே பெரும்பாலும் விடை கிடைக்கும். எக்ஸ் சேவையகத்தின் குறிப்பேட்டில் இரட்டை 'ஈ' எழுத்துக்கள் அடைப்பில் இட்ட வரிகள் பிழையைச் சுட்டுவன. 2008-இல் தோன்றிய வேலண்டு என்னும் புதிய முறை இக்காலத்துப் பல தொகுப்புக்களில் எக்ஸின் இடத்தைக் கொண்டுவிட்டது. டெபியனும் 2019-இல் வெளியிட்ட பத்தாம் பதிப்பு முதல் க்னோம் திரைமேடைக்கு அதனையே இயல்பாக அமைத்தது. அங்கே பழைய தொடக்க ஏடுகள் வாசிக்கப்படாமற் போதலும் உண்டு. குறிப்புக்களை 'ஜர்னல்சிடிஎல்' என்னும் கட்டளையாற் காணலாம். ஏட்டின் பெயர் மாறினும் வாசிக்க வேண்டிய கடமை மாறவில்லை.

ஐந்தாவது, ஐயத்திற்கிடமான ஏட்டை அழியற்க; பெயரை மட்டும் மாற்றிப் பார்க்க. புதிய பயனர் ஒருவரை உண்டாக்கி, அவர் பெயரால் உள்ளே செல்ல முயலுதலும் நன்று. அவர் தடையின்றிச் சென்றால் பிழை உம் வீட்டு அடைவில் உள்ளது. அவரும் செல்லாவிடின் பிழை கணினியின் பொது அமைப்பில் உள்ளது. ஆறாவது, ஒருமுறைக்கு ஒன்றனையே மாற்றி, மாற்றியதைத் தாளிற் குறிக்க. ஐந்தை ஒருங்கே மாற்றி வெற்றி கண்டவன், எதனால் வென்றான் என்பதை அறியான், மறுமுறையும் தோற்பான்.

இவ்வாறு கூறுங்கால் மறுப்போரும் உளர். "காலம் குறுகியது, புதிதாக நிறுவுதல் ஒரு மணி நேரத்தில் முடியும், பிழை தேடுதற்கு ஒரு நாளும் ஆகலாம்" என்பர் அவர். இதில் உண்மை ஒருபுடை உண்டு. வட்டே பழுதுற்ற பொழுதும், பொதுப் பயனுக்கான ஆய்வுக்கூடத்துக் கணினியில் எவருடைய கோப்பும் இல்லாத பொழுதும் புதிதாக நிறுவுதலே தக்கது. ஆனால் அம்முடிவு வாசித்தபின் எய்தும் முடிவாதல் வேண்டும். வாசியாமைக்கு மாற்றாதல் கூடாது. அன்றியும், காரணமறியாது நிறுவியவன் மறுநாள் அதே வரியை மீண்டும் எழுதி அதே வாயிலில் நிற்பான். யானே அங்ஙனம் நின்றிருப்பேன். அன்று விசைப்பலகையின்மேல் வெறுப்புற்றமையால் தப்பினேன்.

"கலை மாணவர்க்கு இஃதெதற்கு?" என்று வினவுவார் வேறு சிலர். அவர்க்கு எம்மூர்ச் செய்தியொன்றையே விடையாகக் கூறுவேன். தருமபுரி பண்டைத் தகடூர், அதியமானின் ஊர். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அத்தகடூரை வென்ற போரைப் பொருளாகக் கொண்டு 'தகடூர் யாத்திரை' என்னும் நூலொன்று இருந்தது. இன்று அந்நூல் முழுமையாக இல்லை. புறத்திரட்டு என்னும் தொகைநூலிலும் பழைய உரைகளிலும் எடுத்தாளப்பட்ட சில செய்யுட்களே எஞ்சின. பிறர் நகலெடுத்து வைத்த அளவே நமக்குக் கிடைத்தது, நகலெடாதன போயின. எங்கள் ஊர் தன் பழம்பாட்டை ஒருமுறை இழந்தது. அதே ஊரில் யான் 17 பாட்டுக்களை இழந்தேன். முன்னதற்குச் செல்லும் நீரும் காலமும் காரணமென்று ஆறுதல் கொள்ளலாம். பின்னதற்கு அவ்வாறுதலும் இல்லை.

1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும், அதே ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளையும், பொருள் விளங்காத இடத்தில் ஏட்டைக் கிழித்தெறிந்தாரல்லர், பிரதிகளை ஒப்புநோக்கினர். சிதைந்த ஏட்டின்முன் பொறுமையோடு அமர்தலே தமிழ்க் கல்வி நமக்குப் பயிற்றும் முதற்பாடம். அப்பாடத்தைக் கற்றோர், பிழைக்குறிப்பேட்டின் பத்து வரிகளைக் கண்டு ஓடுதல் முறையன்று.

இனி, இக்கல்லூரிக்கு யான் பணிவோடு விண்ணப்பிப்பன மூன்று. முதலாவது, முதலாண்டு மாணவர் அனைவர்க்கும், எத்துறையினராயினும், கருந்திரைக்குச் சென்று தம் கோப்பை நகலெடுக்கும் முறையை ஒரு மணி நேரம் கற்பித்தல் வேண்டும். அண்டை நாடாகிய கேரளம், 2001-இல் தொடங்கிப் பின்னர் 2017-இல் 'கைட்' என்னும் நிறுவனமாக வளர்ந்த தன் பள்ளிக் கணினித் திட்டத்தில் லினக்ஸையே சிறுவர்க்குப் பயிற்றி வருகின்றது. பள்ளிச் சிறுவர்க்கு இயல்வது நமக்கு இயலாதென்று எவர் கூறுவர்?

இரண்டாவது, கணினிக்கூடத்தில் பிழைப்பதிவேடு ஒன்று வைத்தல் வேண்டும். இன்ன நாளில், இன்ன கணினியில், திரையில் இன்ன சொற்கள் தோன்றின. இன்னது செய்யத் தீர்ந்தது என்று அதில் எழுதுக. பதிவேட்டில் எழுதாமல் எக்கணினியையும் அழிக்கலாகாது என்று விதி செய்க.

மூன்றாவது விண்ணப்பம் எம் தமிழ்த் துறைக்கே உரியது. திரையில் வரும் பிழைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருத்தலின், எம்மூரிலிருந்து வரும் தம்பி தங்கையர் அவற்றைக் கண்டதும் கண்ணை மூடிக்கொள்கின்றனர். அவை அரிய சொற்களல்ல. 'கட்டளை காணப்படவில்லை', 'அனுமதி மறுக்கப்பட்டது', 'சாதனத்தில் இடமில்லை' என்பன போலும் இருபது முப்பது தொடர்களைத் தமிழாக்கி, ஒவ்வொன்றன் கீழும் அதன் பொருளையும் செய்யத்தக்கதையும் இரண்டு வரியில் எழுதிக் கணினிக்கூடத்துச் சுவரில் ஒட்டுவோமாயின், அது நூறு மேடைப்பேச்சினும் பயன் தரும் தமிழ்த்தொண்டாகும். உரையெழுதுதல் நமக்கு வழிவழி வந்த கலை. உரை வேண்டி நிற்கும் நூல் இப்பொழுது திரையில் உள்ளது. இவ்வேலையை வரும் பருவத்திலேயே தொடங்க யானும் என் வகுப்புத் தோழர் இருவரும் இசைந்துள்ளோம். பிறரும் வந்து சேர்க.

இறுதியாக ஒரு சொல். சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, ஆயாவின் தங்கையார் அருகில் அமர்ந்து, நினைவில் உள்ளவற்றைப் பாடுமாறு வேண்டினேன். 17-இல் 6 பாட்டுக்களை அவர் அறிந்திருந்தார். அவற்றுள்ளும் இரண்டில் அடிகள் மாறியிருந்தன. அவற்றை இம்முறை மூன்றிடத்தில் நகலெடுத்து வைத்துள்ளேன். கையாலும் எழுதி வைத்துள்ளேன். மற்றைப் பதினொன்றும் எங்கும் இல்லை.

தோழர்காள்! திரை இருளும் நாள் உங்களுக்கும் வரும். அன்று, "எல்லாம் கெட்டது, அழித்துவிடலாம்" என்று எவரேனும் சொன்னால், உடனே தலையசையாதீர்கள். இரண்டு நிமிடம் பொறுக்குமாறு கேளுங்கள். கணினி தன் குறையைத் தானே எழுதி வைத்திருக்கின்றது. அதனை வாசியுங்கள், வாசித்தபின் வேண்டுமாயின் அழியுங்கள்.